ஆயிரம் பொற்கொல்லர்களும் ஒரு மாலை வகுப்பும்

விமர்சனச் சிந்தனை என்ற சொற்சேர்க்கை இப்போது எல்லோர் வாயிலும் புழங்குகிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஆவணத்தில் அது இருக்கிறது. எங்கள் ஊர்த் தனியார் பள்ளி பேருந்து நிலையத்தில் கட்டியிருக்கும் விளம்பரத் தட்டியில் இருக்கிறது. கல்வி குறித்து நம் தோழர்கள் நடத்தும் கருத்தரங்குகளிலும் இருக்கிறது. மூன்று இடத்திலும் அது ஒரே பொருளில்தான் வருகிறதா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அரசும் கல்வி வியாபாரியும் நாமும் ஒரே சொல்லை ஒரே உற்சாகத்தோடு உச்சரிக்கும்போது அந்தச் சொல்லின் மீது கொஞ்சம் சந்தேகம் வரத்தான் வேண்டும். அந்தச் சந்தேகத்தைக் கோட்பாட்டுத் தளத்தில் மட்டும் பேசி முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. செய்து பார்த்ததும் சொதப்பியதுமான ஒரு காரியம் கைவசம் இருக்கிறது. அதை வைத்துப் பேசுகிறேன்.

2015இல் தொடங்கி, கொரோனா வந்து 2020 மார்ச்சில் பூட்டும்வரை, எங்கள் ஊரில் ஒரு பழைய மாடி அறையில் வாரம் மூன்று மாலை பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிறவர்கள். பதினைந்து பேர் வருவார்கள். பரீட்சை நெருங்கினால் இருபத்தைந்தாகும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், பத்தர் தெருப் பிள்ளைகள், காலனியிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் கலந்து உட்கார்ந்த வகுப்பு. பெற்றவர்கள் அனுப்பியது மார்க்குக்காக. நான் நடத்தியது வேறொன்றுக்காக. இந்தப் பொய்யில்தான் வகுப்பு ஆரம்பமானது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தமிழ்ப் பாடத்தில் 'நயம் பாராட்டுக' என்றொரு கேள்வி உண்டு. நம்மில் யாரும் அதைத் தாண்டாமல் வந்திருக்க முடியாது. ஒரு பாடலைக் கொடுத்துவிடுவார்கள். திரண்ட கருத்து, மோனை நயம், எதுகை நயம், இயைபு, அணி நயம், சந்த நயம் என்று வரிசையாகத் தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி எழுதி, பாடலிலிருந்து இரண்டிரண்டு சொல்லை எடுத்து வைத்தால் மார்க் விழுந்துவிடும். என்னிடம் வந்த பிள்ளைகள் பாட்டைப் படிப்பதற்கு முன்பே இந்தத் தலைப்புகளை எழுதி முடித்திருந்தார்கள். சோதித்துப் பார்ப்பதற்காக ஒருநாள் ரேஷன் கடையில் ஒட்டியிருந்த அறிவிப்பை வரி மடக்கி எழுதிக் கொடுத்தேன். பதினோரு பேர் அதற்கு நயம் பாராட்டினார்கள். மோனை இருந்தது, எதுகையும் கிடைத்தது. 'கவிஞர் தம் உள்ளக் கிடக்கையை அழகுற வெளிப்படுத்தியுள்ளார்' என்று ஒரு பெண் முடித்திருந்தாள். சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தி இல்லை என்று எவனாவது சொன்னால் அவன்தான் முட்டாள். எந்தப் பாட்டுக்கும் பொருந்துகிற ஒரு சட்டகத்தைக் கொடுத்து, பாட்டையே பார்க்காமல் இருக்க அவர்களைப் பழக்கியிருக்கிறோம். பாராட்டுக என்ற வினைமுற்றை மட்டும் பாருங்கள். பிடிக்கவில்லை என்று எழுதக் கேள்வித்தாளில் இடமே கிடையாது.

இதற்கு மாற்று என்று நினைத்துக்கொண்டு நான் முதல் ஆண்டில் செய்த காரியம் இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. சிலப்பதிகாரத்தை எடுத்தேன். ஃப்ரெய்ரேயின் 'ஒடுக்கப்பட்டோரின் கல்விமுறை'யைப் படித்து ஊறியவன் நான். மாணவனை வெற்றுக் கணக்காகவும் ஆசிரியனைப் பணம் போடுகிறவனாகவும் ஆக்கும் வங்கிமுறைக் கல்வி பற்றி மேடைகளில் பேசியிருக்கிறேன். பெரியார் இந்தக் காப்பியத்தை என்ன பாடு படுத்தினார் என்பதையும், ம.பொ.சி. இதையே வைத்து ஒரு தமிழ்த் தேசியத்தை எப்படிக் கட்டினார் என்பதையும், 1968இல் கடற்கரையில் நிறுத்தப்பட்ட கண்ணகி சிலை 2001இல் அகற்றப்பட்டு 2006இல் திரும்பி வந்த கூத்தையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். கற்பு என்ற சொல்லாடல் யாருக்குப் பயன்படுகிறது என்று விளக்கினேன். ஆண்டு முடிவில் எழுதச் சொன்னபோது பதினான்கு பேரும் ஆணாதிக்கம் என்று எழுதினார்கள். பள்ளியில் 'கற்பின் சிறப்பு' என்று எழுதிய அதே கை, அதே வேகம், அதே எழுத்துருண்டை. ஒரு பையன் அடிக்கோடுகூடப் போட்டிருந்தான். கோனார் நோட்ஸுக்குப் பதிலாக நான் என் நோட்ஸைப் போட்டுவிட்டிருந்தேன். வங்கி மாறியது, கணக்கு அப்படியே இருந்தது.

அடுத்த ஆண்டு பேச்சைக் குறைத்துக்கொண்டு நூலைக் கொடுத்தேன். முழு நூலையும் படித்தோம் என்று பொய் சொல்லமாட்டேன். மதுரைக் காண்டத்தில் கொலைக்களக் காதை தொடங்கி அழற்படு காதை வரையும், வஞ்சிக் காண்டத்தில் சில பகுதிகளும். வாரத்துக்கு இருபது வரி. முதலில் சத்தமாக வாசிப்பது, பிறகு சொல் பிரிப்பது, பிறகு உரையைப் பார்ப்பது. வேங்கடசாமி நாட்டார் உரை ஒரு பிரதி வைத்திருந்தோம். அது கைமாறிக் கைமாறி அட்டை பிய்ந்துபோனது. இங்கே ஒரு தகவல் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அடியார்க்கு நல்லாரின் பேருரை ஊர்சூழ் வரியோடு நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்ததுதான் வழக்குரை காதை. கண்ணகி அரண்மனை வாசலில் வந்து நிற்கிற இடத்தில் பெரிய உரைகாரர் நம் கையை விட்டுவிடுகிறார். பழைய உரை என்று மிஞ்சுவது அரும்பத உரை மட்டுமே. "அப்ப மிச்சத்துக்கு நாம எழுதலாமா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். அந்த வேடிக்கையைத்தான் பிறகு பிடித்துக்கொண்டோம்.

கொலைக்களக் காதையில் பாடநூல்கள் ஒரு வாக்கியத்தில் கடந்துபோகும் காட்சி ஒன்று உண்டு. பொற்கொல்லன் காவலர்களைக் கூட்டிக்கொண்டு வந்து கோவலனைக் காட்டுகிறான். காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, இவனைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லன் சிரிக்கிறான். திருடர்களுக்கென்று ஒரு நூல் இருக்கிறது, அதில் அவர்களுக்குத் துணையாகும் விஷயங்கள் எட்டு என்று சொல்லி மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று ஒவ்வொன்றாக விளக்கவுரை ஆற்றுகிறான். கண்ணால் பார்த்ததை நூல் அடித்துவிடுகிறது. அவர்கள் குழம்பி நிற்கும்போது படிப்பறிவில்லாத ஒரு குடிகாரன் வாளை வீசிவிடுகிறான்.

இந்த இடத்தைப் படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "அவன் நோட்ஸ் வச்சிருந்திருக்கான் சார்" என்றான்.

நான் அதுவரை இருபது ஆண்டுகளாகச் சிலப்பதிகாரம் படித்து வந்தவன். எனக்குத் தோன்றாத வாசிப்பு அது. ரேஷன் கடை அறிவிப்புக்கு நயம் பாராட்டிய கூட்டத்தில் அவனும் ஒருவன் என்பதைச் சொல்ல வேண்டும். இன்னொரு பெண் விடவில்லை. காவலர்கள் சொன்னது மட்டும் என்ன ஒழுங்கு, முகத்தைப் பார்த்து ஆளை எடை போடுவதுதானே அதுவும், நல்ல சட்டை போட்டவன் திருடமாட்டான் என்கிறார்களா என்று கேட்டாள். காலனியிலிருந்து வருகிற பெண் அவள். அவளுடைய அண்ணனைப் போலீஸ் எதற்கெல்லாம் நிறுத்தும் என்பது எனக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைய வகுப்பு ஒன்பது மணிவரை போனது.

இவ்வளவும் நன்றாகவே போனது. அடுத்ததுதான் நான் சொதப்பியது.

சிலப்பதிகார நூலின் வாசலிலேயே, பதிகத்துக்கு அடுத்து, உரைபெறு கட்டுரை என்று சில வரிகள் உரைநடையில் இருக்கின்றன. பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது, வறுமை வந்தது, நோய் பரவியது. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று கண்ணகிக்குக் களவேள்வி நடத்தினான். மழை பெய்தது, நோய் நீங்கியது. வஞ்சிக் காண்டத்தில் நீர்ப்படைக் காதையில் மாடலன் இதைச் செங்குட்டுவனிடம் இன்னொரு முறை சொல்கிறான். ஒரே பகலில் நடந்தது என்கிறான். நான் பள்ளியில் படித்தபோது வழக்குரை காதை பாடமாக இருந்தது; இந்த ஆயிரம் பேர் இல்லை. கல்லூரியிலும் யாரும் நிறுத்திப் பேசியதில்லை. ஆய்வாளர்கள் தொட்டிருக்கிறார்கள், நான் கண்டுபிடித்ததாகச் சொல்ல வரவில்லை. ஆனால் நீதியின் காப்பியம் என்று நாம் கொண்டாடுகிற பிரதி தன் நீதியை எப்படிப் பங்கிடுகிறது என்று பாருங்கள். ஊடல் கொண்டு போன மனைவியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில் விசாரணையின்றி ஆளைக் கொல்ல உத்தரவு போட்டவன் அரசன். அவன் உண்மை தெரிந்ததும் உயிர்விடுகிறான். அத்தோடு அவன் கணக்கு தீர்ந்துவிடுகிறது. வளைந்த கோலை உயிர் கொடுத்து நிமிர்த்தியவன் என்று செங்குட்டுவன் வாயால் பாராட்டும் கிடைக்கிறது. பொய் சொன்ன பொற்கொல்லனுக்குப் பிரதியில் பெயர்கூடக் கிடையாது. தொழில்தான் அவன் பெயர். எனவே தண்டனையும் தொழிலுக்கு விழுகிறது. அரசன் செய்த பிழை தனிமனிதனுடையது. கொல்லன் செய்த பிழை கூட்டத்தினுடையது. சாதி என்ற கதையாடல் வேலை செய்வது இப்படித்தான். நல்லது செய்தால் நீ செய்தாய், கெட்டது செய்தால் நீங்கள் செய்தீர்கள்.

இதையெல்லாம் ஏறக்குறைய இதே சொற்களில், உணர்ச்சிவசப்பட்டு, வகுப்பில் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது என்னையறியாமல் பத்தர் தெருப் பையன் ஒருவன் முகத்தைப் பார்த்துவிட்டேன். வகுப்பு மொத்தமும் திரும்பி அவனைப் பார்த்தது.

மறுநாளிலிருந்து தெருவில் அவனுக்குக் கோவலனைக் கொன்னவன் என்று பெயராகிவிட்டது. கிண்டல் செய்தவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. இரண்டு நாள் முன்பு நோட்ஸைப் பற்றி அவ்வளவு கூர்மையாகப் பேசியவனும் அதில் இருந்தான். வாரக் கடைசியில் அப்பா வந்தார்.

"இவன் இனிமே வரமாட்டான்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன் சார்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நான் பொற்கொல்லர்களுக்கு ஆதரவாகத்தான் பேசினேன், அந்தப் பிரதியைக் கேள்வி கேட்கத்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று விளக்க ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க எங்களுக்காகத்தான் பேசியிருக்கீங்க, புரியுது. ஆனா நீங்க பேசினதுக்கு அப்புறம்தானே சார் பசங்க ரோட்டுல கூப்பிடறானுங்க."

என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "புத்தகத்துல ஆயிரம்னே போட்டிருக்குதா?" ஆமாம் என்றேன். "யார் யாருன்னு இருக்குதா?" இல்லை என்றேன். தலையாட்டிக்கொண்டார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "எங்கப்பா சொல்ற கதையிலயும் எண்ணிக்கை இருக்காது சார். அறுபத்தி மூணுல பதினாலு கேரட்டுக்கு மேல நகை செய்யக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சே, அப்ப உலைய அணைச்சிட்டு ஒரு வருசம் வாழைக்காய் மண்டியில மூட்டை தூக்கினாரு. எங்க தெருவுல ரெண்டு பேரு மருந்து குடிச்சாங்களாம்."

1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைப் பற்றிச் சொல்கிறார். சீனப் போருக்குப் பின் அந்நியச் செலாவணிக்காகக் கொண்டுவரப்பட்டு, 1968இல் தனிச் சட்டமாகி, 1990இல்தான் விலக்கிக்கொள்ளப்பட்டது. நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் பிழைப்பு இழந்ததும் தற்கொலைகளும் அந்தக் காலத்துச் செய்தித்தாள்களில் இருக்கின்றன. நாட்டுக்கு நெருக்கடி, எனவே கொல்லர்கள் விலை கொடுக்க வேண்டும் என்ற அதே வாய்ப்பாடு. இந்த ஒப்புமையை அவர் செய்யவில்லை, நான் செய்கிறேன். இதை வகுப்பில் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒருமுறை சொல்லிப் பட்டது போதும் என்றிருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் பையன் திரும்பி வந்தான். அந்தப் பகுதியை அவனைச் சத்தமாக வாசிக்கச் சொல்லக்கூடாது என்று அப்பா நிபந்தனை போட்டு அனுப்பியிருந்தார். ஒப்புக்கொண்டேன்.

இந்த இடத்தில் நண்பர்கள் இரண்டு பக்கமிருந்தும் என்னைத் திட்டினார்கள். ஒருவர், பிள்ளைகளுக்குப் பழைய இலக்கியமே எதற்கு, அதெல்லாம் நிலவுடைமைச் சமூகத்தின் குப்பை, அவர்கள் வாழ்க்கையிலிருந்து எழுத விடு என்றார். இன்னொருவர் தமிழாசிரியர். செவ்வியல் இலக்கியத்தைப் பிள்ளைகளிடம் அறுத்துப் போடாதே, முதலில் சுவைக்கட்டும் என்றார். 2004இல் செம்மொழி என்று அறிவித்த பிறகு இந்தச் சுவை வாதம் கூடுதல் தெம்போடு வருகிறது. இருவருக்கும் பதிலாக எனக்குத் துணை வந்தவர் கிராம்சி. முசோலினி அரசில் ஜென்டீலே 1923இல் கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தத்தைப் பற்றிச் சிறைக் குறிப்பேடுகளில் எழுதுகிறார். பழைய பள்ளியின் வறட்டுப் போதனையைச் சாடி, உயிர்ப்பான, சுறுசுறுப்பான கல்வி என்று முழங்கிய சீர்திருத்தம் அது. கிராம்சி இதை ஏற்கவில்லை. செத்துப்போன ஒரு மொழியைச் சொல் சொல்லாக உட்கார்ந்து பிரிக்கும் உடலுழைப்புக்கு நிகரான பழக்கம், புத்தகமே இல்லாத வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்குத்தான் அதிகம் தேவை என்பது அவர் நிலைப்பாடு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது வீட்டுக் காற்றிலேயே கிடைத்துவிடும். மார்க்சியர் ஒருவர் சிறையில் உட்கார்ந்துகொண்டு இலத்தீன் இலக்கணத்துக்காக வாதாடுவது நம் ஆட்களுக்கு இன்றும் செரிக்காது. ஃப்ரெய்ரேயும் கிராம்சியும் ஒரே ஊர்வலத்தில் போகிறவர்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வகுப்பறைக்குள் வந்தால் இருவரும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை நல்லது.

மனப்பாடத்தையும் சேர்த்தே சொல்கிறேன். நாம் மனப்பாடத்தை எதிரியாக்கி வைத்திருக்கிறோம். என் வகுப்பில் நல்ல கேள்வி கேட்டவர்கள் யார் என்று பார்த்தால், வரிகளை வாயில் வைத்திருந்தவர்கள்தான். தெருவில் நடக்கும்போதும் தறிக்குழியில் கால் வைத்திருக்கும்போதும் வரி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், எங்காவது இடறும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆத்திசூடியும் எண்சுவடியும் அப்படித்தான் உள்ளே போயின. அங்கே அடியும் உதையும் இருந்தன, எல்லாச் சாதிக்கும் திண்ணையில் இடம் இருக்கவில்லை, அதைப் பொற்காலமாக்க நான் வரவில்லை. சிலப்பதிகாரம் அந்தத் திண்ணைகளில் பாடமாகவும் இல்லை. உ.வே.சா. பதிப்பித்து அது 1892இல் அச்சில் வந்த பிறகே பொதுவாசிப்புக்கு வந்தது. என் வாதம் சின்னதுதான். நூலை மனப்பாடம் செய்தவன் அதனோடு சண்டை போடலாம். நோட்ஸை மனப்பாடம் செய்தவன் யாரோடு சண்டை போடுவான்?

இனி எழுத்து. இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகருக்கு வெளியே மலையில் பார்பியானா என்றொரு சிற்றூர். அங்கே லொரென்சோ மிலானி என்ற பாதிரியார், பள்ளிகள் ஃபெயிலாக்கித் துரத்திய குடியானவர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். அதில் எட்டுப் பையன்கள் சேர்ந்து எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' 1967இல் வெளியாயிற்று. அந்த நூலைப் பலரும் அதன் கோபத்துக்காக மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதில் பயன்பட்டது அவர்கள் எழுதிய முறை. தோன்றுவதைத் தனித்தனிச் சீட்டில் எழுதுவது, ஒரு சீட்டுக்கு ஒரு எண்ணம். பிறகு எல்லாச் சீட்டையும் மேசையில் பரப்பி, ஒரே மாதிரி இருப்பதைக் கழித்து, மற்றதைக் குவியல் குவியலாகப் பிரித்து, குவியல்களை வரிசைப்படுத்தி, தேவையில்லாத சொல்லை எல்லோருமாகச் சேர்ந்து வெட்டுவது. எங்களிடம் மேசை இல்லை, தரை இருந்தது. உரை இல்லாத இடத்துக்கு உரை எழுதுவதென்று முடிவானது. நான் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன்.

முதல் தடை மொழி. ஒரு பெண் வாயால் சொல்லும்போது, "அந்த ராசா பொண்டாட்டி கோவத்த தணிக்கப் போற அவசரத்துல சொல்லிட்டாரு" என்பாள். பேனாவைக் கையில் எடுத்ததும் 'பாண்டிய மன்னன் நீதி தவறாதவன்' என்று எழுதுவாள். கேட்டால், "எழுத்துல அப்படித்தானே சார் வரும்" என்பாள். பேச்சில் ஓடுகிற சிந்தனை எழுத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறது. வெளியே கழற்றி வைத்ததில்தான் விஷயம் இருக்கிறது. பேசுகிற மாதிரியே முதலில் எழுதுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றோம். அதற்குப் பிறகு வந்த சீட்டுகளில் சில என்னிடம் இருக்கின்றன. எழுதியபடியே தருகிறேன்.

'மழை பேஞ்சிச்சுன்னு போட்டிருக்கு. அப்ப மழை அதுக்கு ஒத்துக்கிச்சா?'

'ஆயிரம் பேரைக் கொல்ல எத்தனை பேர் வேணும்? அவங்க யாரு? அவங்களுக்கு ஏன் பேர் இல்ல?'

'கண்ணகி கொல்லச் சொல்லல. அவ பேரைச் சொல்லி வேற யாரோ கொன்னாங்க. அவளைக் கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பா.'

'எல்லா ஆசாரியும் செத்தப்புறம் யாரு தாலி செஞ்சா?'

கடைசிச் சீட்டை எழுதியவள் தறிக்காரர் வீட்டுப் பெண். அந்தக் காலத்தில் தாலி இருந்ததா என்பது தமிழ்ப் புலவர்கள் மல்லுக்கட்டிய விவகாரம், அதை நான் அவளிடம் கிளப்பவில்லை. கண்ணகியைப் பற்றிய சீட்டு என்னை மறுப்பது. கண்ணகியும் இந்த வன்முறையின் பங்காளி என்பதுதான் என் வாசிப்பாக இருந்தது. இந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு வஞ்சின மாலைக்குத் திரும்பினோம். மதுரையை எரிக்கச் சொல்லும்போதும் அவள் தீயிடம் ஒரு பட்டியல் தருகிறாள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவர் பக்கம் போ என்கிறாள். பட்டியலின் வரிசை பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, வாயைக் கட்டிக்கொண்டேன். பிள்ளைகள் வேறொன்றைப் பார்த்தார்கள். அவள் ஆளைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறாள். செழியன் பிரிக்காமல் கொல்கிறான். ஆகவே அவள் கேட்டிராத பலியை அவளுக்குக் கொடுத்திருக்கிறான் என்று எழுதினார்கள். இதை நான் முழுக்க ஏற்கவில்லை. ஆனால் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு செய்த வாதம், அதை மறுக்க நான் பிரதிக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது.

ஆறு வாரத்தில் நான்கு பக்கம் வந்தது. மழைச் சீட்டை எழுத்துத் தமிழுக்கு மாற்ற ஒரு முழு மாலை போனது. 'மழை அதற்கு உடன்பட்டதா?' என்று மாற்றிப் படித்துப் பார்த்தார்கள். "இப்ப நம்ம கேள்வி மாதிரி இல்ல, பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். அந்த ஒரு வரி பேச்சிலேயே நின்றுவிட்டது.

பரீட்சைக்கும் வந்தாக வேண்டும். அந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வில் சிலப்பதிகாரக் கேள்விக்கு ஒரு பெண் இந்த ஆயிரம் பேரையும் சேர்த்து எழுதிவிட்டாள். பாடத்தில் இல்லாதது என்று சிவப்பு மையில் குறித்து மார்க்கைக் குறைத்திருந்தார்கள். ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். சண்டைக்குத்தான் போனேன். ஐந்து பிரிவு, இருநூறுக்கு மேல் விடைத்தாள், ஒவ்வொன்றுக்கும் விடைக்குறிப்பு. அவர் அந்தப் பதிலை இரண்டு முறை படித்திருக்கிறார். "நல்லாத்தான் எழுதியிருக்கா சார். நான் மார்க் போட்டா மட்டும் போதுமா? பொதுத்தேர்வுல அவ பேப்பரைத் திருத்தப்போறது யாருன்னு எனக்கே தெரியாதே" என்றார். பள்ளி எப்படிக் கருத்தியல் எந்திரமாக இயங்குகிறது என்று அல்துஸ்ஸர் 1970இல் எழுதியதை நான் பலமுறை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அந்த எந்திரத்துக்குள் ஒரு நல்ல ஆசிரியை சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பாள் என்பது அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டும்போது எனக்கு மறந்துபோயிருந்தது. திரும்பி வந்து பிள்ளைகளிடம் இரண்டு பதில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று அங்கே, ஒன்று இங்கே என்று சொன்னேன். அவர்கள் சுலபமாக ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சுலபம் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் ஒன்று வெளியே ஒன்று பேசிப் பழகிய பிள்ளைகளுக்கு இதுவும் அதில் ஒன்றாகிவிட்டதோ என்னவோ.

பத்தர் தெருப் பையன் அந்த ஆறு வாரமும் சீட்டுகளை அடுக்குவதிலேயே இருந்தான், எதுவும் எழுதவில்லை என்று நினைத்திருந்தேன். பூட்டுப் போடுவதற்கு முந்தைய வாரம் அறையைக் கூட்டும்போது குவியலின் அடியில் அவன் கையெழுத்தில் ஒரு சீட்டு கிடைத்தது. கண்ணகியின் பட்டியலில் குழந்தைகள் வருவதை எடுத்துக்கொண்டு, அந்த ஆயிரம் பேரில் என் வயசுப் பசங்க இருந்தாங்களா என்று கேட்டிருந்தான். பிரதியில் அதற்கு விடை இல்லை. அவன் இப்போது கோயம்புத்தூரில் ஒரு நகைக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறான். அப்பாவின் பட்டறை மூடியாயிற்று. மாலை வகுப்பை மறுபடி தொடங்கப்போகிறோம், உன் சீட்டை முதல் நாள் வாசிக்கட்டுமா என்று தொலைபேசியில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "வாசிங்க சார். பேரு மட்டும் சொல்லாதீங்க" என்றான்.